விடுதி வாசல்வரை: ஜமைக்காவுக்குத் தனியாகப் போகும் கே பயணி

ஜமைக்காவுக்குத் தனியாகப் போக நினைக்கும் கே ஆண்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு ஏதாவது ஆகிவிடுமா?" பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுமார் 28 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவுக்கு 2023-ல் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்துபோனார்கள், காலையில் கப்பலில் வந்து மாலையே கிளம்பியவர்களையும் சேர்த்து. அவர்களில் தன்பாலீர்ப்பாளர்களும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நெக்ரில் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்து, கிங்ஸ்டனின் டெவன் ஹவுஸில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, ப்ளூ மவுன்டன் காபிப் பொட்டலத்தோடு பத்திரமாக வீடு திரும்பியிருப்பார்கள்.

இது உண்மைதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையான பதில் ஆகாது.

சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் மாண்டிகோ பே நகரத்தை ஒட்டி இர்வின் என்று ஒரு பகுதி இருக்கிறது. 2013 ஜூலையில் அங்கே நடந்த ஒரு நடன விருந்துக்கு 16 வயதுப் பிள்ளை ஒன்று பெண் உடை அணிந்து போனது. சில ஆண்டுகளுக்கு முன்பே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை. கூட்டத்தில் இருந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு, பிறப்பால் ஆண் என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டார். சூழ்ந்து அடித்தார்கள், கத்தியால் குத்தினார்கள், சுட்டார்கள், காரையும் ஏற்றினார்கள். அந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டனை பெறவில்லை. வெளிநாட்டுப் பயணிகள் வெயில் காயும் கடற்கரைக்கும் அந்த இடத்துக்கும் இடையே சில மைல் தூரம்தான்.

ஒரே தீவில் விருந்தாளிக்கு ஒரு பாதுகாப்பு, ஊர்க்காரருக்கு வேறொன்று. அதனால் "எனக்கு ஏதாவது ஆகுமா" என்பதோடு "என்னால் அங்கே யாருக்காவது ஏதாவது ஆகுமா" என்றும் தனியாகப் போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட, அந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். ஜமைக்காவில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1864-ம் ஆண்டுச் சட்டம். அதன் 76-வது பிரிவு குதவழிப் புணர்ச்சியை 'அருவருக்கத்தக்க குற்றம்' என்று சொல்லி, கடுங்காவலோடு 10 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. 79-வது பிரிவு ஆண்களுக்கிடையேயான மற்ற நெருக்கங்களுக்கு 2 ஆண்டுவரை. வயதுவந்த இரண்டு பேர் மனமொத்து, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலும் குற்றம்தான். பெண்களுக்கிடையேயான உறவைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. அதனால் அங்கே லெஸ்பியன் பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 'திருத்துகிறோம்' என்று சொல்லி அவர்கள்மீது நடத்தப்பட்ட வல்லுறவுகளை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

இந்தச் சட்டத்தின் வேர் 1533-ல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தில் கொண்டுவந்த சட்டத்தில் இருக்கிறது. 1861-ல் அதைப் புதுப்பித்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஜமைக்காவுக்கு வந்து சேர்ந்தது. நமக்கும் இது அந்நியமான கதையில்லை. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவும், இலங்கையின் 365-வது பிரிவும் இதே குடும்பத்தில் பிறந்தவை. இங்கிலாந்து தன் நாட்டில் 1967-ல் இதைத் தளர்த்திக்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 377-ன் பல்லைப் பிடுங்கியது. ஜமைக்காவிலோ நீதிமன்றத்தின் கையை அரசியலமைப்பே கட்டிப்போட்டிருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பிருந்த சட்டங்களைக் காப்பாற்றும் ஒரு பிரிவு அதில் உண்டு. 2011-ல் அடிப்படை உரிமைகள் பட்டயத்தைப் புதிதாக எழுதியபோதும், பாலியல் குற்றங்கள் தொடர்பான பழைய சட்டங்களை இந்த உரிமைகளைக் காட்டி எதிர்க்க முடியாது என்று சேர்த்தே எழுதினார்கள். வழக்கறிஞர் மோரிஸ் டாம்லின்சன் தொடுத்த வழக்கு 2023 அக்டோபரில் இந்தச் சுவரில் மோதித்தான் விழுந்தது. அவருக்கு முன்னால் வழக்குப் போட்ட ஓர் இளைஞர், தனக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து என்று பயந்து 2014-ல் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சரி, இந்தப் பிரிவில் எத்தனை பேரைச் சிறையில் போடுகிறார்கள்? மனமொத்த உறவுக்காகத் தண்டிக்கப்படுவது மிக அரிது. பயணக் குறிப்புகள் பலவும் இதைச் சொல்லிவிட்டு, 'கவலை வேண்டாம்' என்று முடித்துவிடுகின்றன. சட்டம் வேலை செய்வது சிறைக்குள் இல்லை, தெருவில். மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு அது ஆயுதம். வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்பவருக்கு அது நியாயம். அடிபட்டவன் காவல் நிலையத்துக்குப் போய், "உன்னை ஏன் அடித்தார்கள்?" என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்பதும் இந்தச் சட்டத்தால்தான்.

ஆனால் சட்டத்தை மட்டும் குறைசொல்லிவிட்டு நகர முடியாது. 2011-ல் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தார் நடத்திய கருத்துக்கணிப்பில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆண் தன்பாலீர்ப்பு ஒழுக்கக்கேடு என்றார்கள். 2014 ஜூனில் கிங்ஸ்டனின் ஹாஃப் வே ட்ரீ பகுதியில், இந்தச் சட்டம் அப்படியே இருக்கவேண்டும் என்று கோரி ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தேவாலயங்கள் கூட்டிய கூட்டம் அது. ஜமைக்காவில் தெருவுக்குத் தெரு தேவாலயம் உண்டு. பழைய ஆங்கிலிக்கன் சபையைவிட, சர்ச் ஆஃப் காட், பெந்தகோஸ்தே, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைகளுக்குத்தான் கூட்டம் அதிகம். அரசு கைவிட்ட சேரிகளில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், நோயாளிக்கு மருந்து, செத்தவருக்கு அடக்கம் என்று எல்லாவற்றுக்கும் ஓடிவருவது சபைதான். அந்தச் சபை ஒன்றைப் பாவம் என்று சொன்னால், அதை மறுத்துப் பேசுவது ஒருவருடைய மொத்த வாழ்வாதாரத்தையும் அசைப்பது போல.

அடிமை முறையின் காயமும் இதில் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களில் கறுப்பின ஆணுக்குத் தன் உடம்புமேல், தன் மனைவி மக்கள்மேல் எந்த உரிமையும் இருக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு, ஏழைக்கு மிஞ்சிய ஒரே கௌரவம் 'ஆம்பளை' என்ற பெயர். தன்பாலீர்ப்பு வெள்ளைக்காரன் கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது. உண்மையில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது சட்டத்தைத்தான். அந்தச் சட்டம் 'நம் பண்பாடு' ஆகிவிட்டது, அதை நீக்கச் சொல்வது காலனியாதிக்கம் ஆகிவிட்டது. 2011-ல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், இந்தச் சட்டங்களை வைத்திருக்கும் நாடுகளுக்கு உதவித்தொகை குறையும் என்ற தொனியில் பேசியபோது, காலனி நாடுகளாக இருந்த பல இடங்களில் கோபம் கொதித்தது. 2018-ல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த தெரசா மே இந்தச் சட்டங்களுக்காக வருத்தம் தெரிவித்தார். வருத்தம் வந்து சேர 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த ஆண்மை பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் வலிக்கிற உதாரணம். ஜமைக்க ஆண்களை அதிகம் கொல்லும் புற்றுநோய் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனைக்குப் பல ஆண்கள் வர மறுக்கிறார்கள். அது தங்களைக் 'குறைந்த ஆம்பளை' ஆக்கிவிடும் என்ற கூச்சமும் பயமும் அதற்கு ஒரு காரணம் என்று அங்கே உள்ள மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வெறுப்பின் விலையைக் கே ஆண்கள் மட்டும் கொடுப்பதில்லை.

ஜமைக்காவில் பிறந்த டான்ஸ்ஹால் என்ற நடன இசையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990-களில் வந்த சில பாடல்கள் 'பேட்டி மேன்'களைச் சுடு, கொளுத்து என்று வெளிப்படையாகவே பாடின. அங்கே கே ஆணைக் குறிக்கும் கொச்சை வசைச்சொல் அது. பிரிட்டனிலும் ஜமைக்காவிலும் இருந்த செயல்பாட்டாளர்கள் சேர்ந்து எதிர்ப்பு இயக்கம் நடத்தினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல கச்சேரிகள் ரத்தாயின. 2019-ல் பாடகர் பூஜு பான்டன், இளவயதில் தான் பாடிய அப்படிப்பட்ட பாடலைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கிக்கொண்டார். இசை மாறியிருக்கிறது. கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

2006-ல் டைம் இதழ், உலகிலேயே தன்பாலீர்ப்பாளர்களை அதிகம் வெறுக்கும் இடம் இதுதானா என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்தப் பட்டம் ஜமைக்காவின் மேல் ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அங்கே போராடுகிறவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. 1998 டிசம்பரில் தொடங்கிய, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான ஜே-ஃப்ளாக் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர் பிரையன் வில்லியம்சன். சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியவர். கிங்ஸ்டனில் கே மக்களுக்காக ஒரு நடன விடுதியும் நடத்தினார். 2004 ஜூன் 9 அன்று தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று அவரைச் சந்திக்க வந்த, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச மனித உரிமை அமைப்பின் ஆய்வாளர் பார்த்தது, வீட்டு வாசலில் கூடிச் சிரித்துக் கொண்டாடிய கூட்டத்தை. கொள்ளைக்காக நடந்த கொலை என்றது காவல்துறை. ஒருவருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

அதற்குப் பிறகும் அமைப்பு மூடவில்லை. 2009-ல் அமெரிக்கச் செயல்பாட்டாளர்கள் சிலர், ஜமைக்காவுக்குச் சுற்றுலா போகாதீர்கள், அந்நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியபோது, வேண்டாம் என்று சொன்னது ஜே-ஃப்ளாக்தான். பொருளாதாரம் அடிவாங்கினால் பழி எங்கள் தலையில்தான் விழும் என்பது அவர்கள் கவலை. போகலாமா கூடாதா என்று தயங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் தேர்தல் விவாதத்தில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் போர்ஷியா சிம்ப்சன் மில்லர், தகுதி இருந்தால் கே ஒருவரையும் அமைச்சராக்குவேன், சட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அப்போதைய பிரதமர் புரூஸ் கோல்டிங், என் அமைச்சரவையில் அவர்களுக்கு இடமில்லை என்று பிபிசியில் சொன்ன அதே நாடு. அந்தப் பேச்சுக்குப் பிறகும் சிம்ப்சன் மில்லர் பெரும்பான்மையோடு வென்றார். ஆனால் சட்டம் மாறவில்லை. 2015-ல் முதல் பிரைட் விழா, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் பெருமித விழா, கிங்ஸ்டனில் நடந்தது. 2019-ல் மாண்டிகோ பே நகர மேயர் அரங்கம் தர மறுத்ததால் அங்கே விழா ரத்தானது. இரண்டடி முன்னால், ஒன்றரை அடி பின்னால்.

சுற்றியுள்ள தீவுகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. பஹாமாஸ் 1991-லேயே சட்டத்தை நீக்கியது. 2022-ல் ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படோஸ், 2024-ல் டொமினிக்கா, 2025-ல் செயின்ட் லூசியா. டிரினிடாட் 2018-ல் நீக்கி, 2025-ல் மேல்முறையீட்டில் மீண்டும் பழைய இடத்துக்கே போய்விட்டது.

இனி பயணிக்கு வருவோம். விருந்தாளிக்கு அங்கே ஒரு கவசம் உண்டு. ஜமைக்காவின் பிழைப்பே சுற்றுலா. வெளிநாட்டவருக்கு ஏதாவது ஆனால் ஊரே பாதிக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்குக் கடற்கரையின் பெரிய விடுதிகளில் உணவு, மது, கடற்கரை எல்லாம் மதில் சுவருக்குள்ளேயே. ஜோடிகளுக்கு மட்டுமான சாண்டல்ஸ் விடுதிகள் ஆண்-பெண் ஜோடிகளை மட்டும்தான் ஏற்போம் என்ற விதியை 2004-ல் கைவிட்டன. மற்ற பெரிய விடுதிகளில் தனியாக வரும் ஆணுக்கு அறை ஒதுக்கும்போது யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மதிலுக்கு வெளியேதான் கேள்விகள் வரும், அதுவும் அன்பாக: "மனைவி வரவில்லையா? பிள்ளைகள் எத்தனை? துணைக்கு ஒரு பெண் வேண்டுமா?" டாக்சிக்காரரும் பழக்கடைக்காரரும் இதைக் கேட்பது உங்களைச் சோதிக்க இல்லை, தனியாக வந்த ஆணிடம் அங்கே பேச்சு இப்படித்தான் தொடங்கும். நம் ஊர்ச் சித்தப்பா கேட்பதுபோல எடுத்துக்கொண்டு, சிரித்து நகரலாம். உங்கள் முழுக்கதையையும் சொல்லவேண்டிய கடமை எதுவும் இல்லை.

இந்தக் கவசம் எல்லோருக்கும் ஒரே கனமாக இருக்காது என்பதைத் தமிழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1845 மே மாதம் ஓல்டு ஹார்பர் பேயில் முதல் கப்பல் வந்ததிலிருந்து, சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர்கள், சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. ஜமைக்காக்காரர் எந்த விசேஷத்துக்கும் சமைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பும் 'கஞ்சா' என்ற சொல்லும் அவர்கள் கொண்டுபோனவை. வெள்ளைக்காரப் பயணி நடந்தால் தூரத்திலேயே 'டூரிஸ்ட்' என்று தெரிந்துவிடும். நம் நிறத்தில் ஒருவர் அரைக்கால் சட்டையோடு தனியாக நடந்தால், வாய் திறக்கும்வரை உள்ளூர் இந்திய வம்சாவளி ஆளாகவே நினைக்கப்படலாம். அது ஒருவகையில் சுகம், ஒருவகையில் கவசம் நழுவுவது. அப்புறம், நம் ஊரில் இரண்டு ஆண் நண்பர்கள் தோளில் கை போட்டு, விரல் கோத்து நடப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே ஆண்கள் முஷ்டியோடு முஷ்டி தட்டி, 'ரெஸ்பெக்ட்' என்று சொல்லி விலகிக்கொள்வார்கள். புதிதாகப் பழகியவர் தோளில் நம் பழக்கத்தில் கை போட்டால் அவர் துள்ளி விலகலாம்.

டேட்டிங் செயலிகள் அங்கேயும் வேலை செய்கின்றன. அவற்றில் பொய்யான கணக்கு வைத்து, ஆளை ஒதுக்குப்புறத்துக்கு வரவழைத்துக் கொள்ளையடிப்பதும், படத்தைக் காட்டி மிரட்டுவதும் நடக்கிறது. சட்டம் இப்படி இருக்கும் எல்லா நாடுகளிலும் நடப்பதுதான். முதல் சந்திப்பு பகலில், ஆட்கள் நடமாடும் காபிக் கடையில் இருக்கட்டும். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு இரவில் தனியாகப் போகவேண்டாம். முகவரி, கிளம்பிய நேரம் இரண்டையும் ஊரில் ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள். சிவப்பு நம்பர் பிளேட் உள்ள வண்டிகள்தான் உரிமம் பெற்ற டாக்சிகள். ஜே-ஃப்ளாக் இப்போது 'ஈக்வாலிட்டி ஃபார் ஆல்' என்ற பெயரில் இயங்குகிறது. போவதற்கு முன்னாலேயே அவர்கள் தொடர்பு விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உங்களுக்கு. சந்திக்க வருகிறவருக்கு?

கிங்ஸ்டனில் கிராஸ் ரோட்ஸ் சந்திப்புக்கு வடக்கே போகப்போக வீடுகளின் மதில் உயரும். 'அப்டவுன்' என்பார்கள். அங்கே படித்த, காரும் காவலாளியும் உள்ள கே ஆண்கள் தங்களுக்குள் விருந்து வைத்து, ஓரளவு நிம்மதியாகவே வாழ்கிறார்கள். தெற்கே 'டவுன்டவுன்' குடியிருப்புகளில் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள், பொதுக் குழாய், யார் யாரோடு வந்தார் என்பது பத்து நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளம் கே, திருநர் பிள்ளைகள் சில ஆண்டுகள் நியூ கிங்ஸ்டன் பகுதியின் மழைநீர்க் கால்வாய்களில் வாழ்ந்தார்கள். பெரிய விடுதிகள் இருக்கும் அதே பகுதி. செயலியில் உங்களோடு பேசுகிறவர் இவர்களில் யாராகவும் இருக்கலாம்.

அவர் படத்தை உங்கள் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், முகம் மறைத்தும் போடாதீர்கள். பச்சை குத்தியதையும் கைக்கடிகாரத்தையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எங்கே சந்திப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். உங்களுக்குப் பாதுகாப்பாகத் தெரியும் இடம் அவருக்கு அப்படி இருக்காது. குறிப்பாக உங்கள் விடுதி. உங்களுக்கு அது வசதியான அறை. அவர் அங்கே வந்தால் வாசலில் காவலாளி நிறுத்தி அடையாள அட்டை கேட்பார், பெயரை நோட்டில் எழுதுவார். அந்தக் காவலாளி அவருடைய அத்தை மகனின் பள்ளித் தோழனாகவும் இருக்கலாம். தீவு அவ்வளவு சின்னது. வரவேற்பில் இருக்கும் பெண் அவர் அம்மா போகும் அதே சபைக்குப் போகிறவராக இருக்கலாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடுவீர்கள். அவர் அன்று இரவு ஐந்து பேரோடு நெருக்கி உட்கார்ந்து, பங்கு டாக்சியில் தன் தெருவுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும்.